இடைக்காலக் கிறிஸ்தவர்கள் பைபிளை எப்படி வாசித்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சபை வரலாறு பற்றிப் பேசக் கூப்பிடும் இடங்களில், கத்தோலிக்கர் கூட்டமானாலும் புரொட்டஸ்டண்ட் கூட்டமானாலும், கேள்வி நேரம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: “லூத்தருக்கு முன்னால் யாராவது பைபிளைத் தொட்டார்களா?” ஒரு சாரார் “இல்லவே இல்லை, பூட்டி வைத்திருந்தார்கள்” என்று சாதிப்பார்கள். இன்னொரு சாரார் “எல்லாரிடமும் இருந்தது” என்பார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். காலம், ஏறக்குறைய 1200 முதல் 1520 வரை. இடம், மேற்கு ஐரோப்பா. ‘சங்கீதம்’ என்று வரும் இடங்களில் கத்தோலிக்கர்கள் ‘திருப்பாடல்’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

அன்றைய சாதாரண மக்கள் பைபிள் வாசித்தார்களா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் என்றால், “கேட்டார்கள்”. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஒரே அட்டைக்குள் இருக்கும் புத்தகத்தை எடுத்து, நாளைக்கு இத்தனை அதிகாரம் என்று ஓட்டுவதுதான் நமக்கு பைபிள் வாசிப்பு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அன்று வாசித்தவர்கள் மிகச் சொற்பம். ஆனால் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொன்னவர்கள், பூசையில் சுவிசேஷத்தைக் கேட்டு பிரசங்கத்தில் அதன் பொருளைத் தெரிந்துகொண்டவர்கள், ஒரு சிறு ஜெபப் புத்தகத்தில் இருந்த வேதப் பகுதிகளை வாழ்நாள் முழுவதும் புரட்டியவர்கள் என்று எண்ணத் தொடங்கினால் கூட்டம் பெரியது.

அவர்களுக்கு வேதம் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. கிடைத்த துண்டை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி.

ஒரு பைபிள் அவ்வளவு விலையா? ஏன் வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ளவில்லை?

தோலில் கையால் எழுத வேண்டியிருந்தது, வேறென்ன. 1455 வாக்கில் குட்டன்பர்க் அச்சிட்ட பைபிளில் ஏறத்தாழ 180 பிரதிகள் வந்தன. பெரும்பாலானவை காகிதம், கொஞ்சம் தோல். அந்தத் தோல் பிரதி ஒன்றுக்கு மட்டும் 150க்கு மேற்பட்ட கன்றுகளின் தோல் தேவைப்பட்டிருக்கும். ஒரு மந்தையே ஒரு புத்தகத்துக்குள் போய்விடும். அதற்கு மேல் எழுத்தரின் கூலி வேறு.

13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பட்டறைகளில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தோலை வெங்காயச் சருகு போல மெல்லியதாக்கி, எறும்பு வரிசை போன்ற எழுத்தில் முழு பைபிளையும் கைக்குள் அடக்கிவிட்டார்கள். ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்த தொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு அது வசதியாக இருந்தது. நாம் இன்று சொல்லும் அதிகாரப் பிரிவுகள் பரவியதும் அந்தப் பாரிஸ் பைபிள்களால்தான். அந்தப் பிரிவினை 1228இல் இறந்த கான்டர்பரி பேராயர் ஸ்டீவன் லாங்டன் பேரில் சொல்லப்படுகிறது. நம் புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551இல்தான் வந்தன. ஆகவே அன்று யாரும் “யோவான் மூன்று பதினாறு” என்று சொல்லியிருக்க முடியாது.

சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார்களாமே, மக்கள் படிக்கக் கூடாது என்று?

வங்கியில் பேனாவை நூலில் கட்டி வைக்கிறார்களே, நாம் எழுதக் கூடாது என்றா? எழுதிவிட்டு எடுத்துப் போகக் கூடாது என்று. சங்கிலியும் அதற்குத்தான். யாரும் வந்து புரட்ட வேண்டும் என்று வைத்த புத்தகத்துக்குத்தான் சங்கிலி தேவை. 1538இல் இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஆங்கில பைபிள் வைக்க வேண்டும் என்று உத்தரவான பிறகு, அதையும் பல இடங்களில் சங்கிலியில்தான் பூட்டி வைத்தார்கள். உண்மையான தடைகள் வேறு இருந்தன. அவை கீழே வருகின்றன.

ஏதோ ஜெபப் புத்தகம் என்றீர்களே, அது என்ன?

குருக்களும் துறவிகளும் நாள்தோறும் குறித்த வேளைகளில் சொல்லும் கட்டளை ஜெபம் கத்தோலிக்கர்களுக்குத் தெரியும். அதன் பெரும்பகுதி சங்கீதங்கள். பொதுநிலையினரும் அதைச் சொல்ல ஆசைப்பட்டார்கள். ஆனால் துறவிகளின் முறை நீளமானது, நாளுக்கு நாள் மாறுவது. அதைச் சுருக்கி, மாதா பேரில் அமைந்த எட்டு வேளை ஜெபமாக்கி, ஒரு சிறு நூலாகக் கட்டினார்கள். அதுதான் ‘வேளைகளின் நூல்’. இடைக்காலக் கையெழுத்து நூல்களில் வேறெதுவும் இவ்வளவு அதிகமாக எஞ்சவில்லை, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1480களுக்குப் பிறகு பாரிஸ் அச்சகங்கள் இதை அடித்துத் தள்ளின. நடுத்தர வியாபாரியின் மனைவியும் ஒன்று வாங்க முடிந்தது.

உள்ளே முதலில் திருநாள் பட்டியல் இருக்கும். அடுத்து நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் ஒவ்வொரு துண்டு: யோவானின் தொடக்கம், லூக்காவில் தேவதூதர் மரியாளுக்குச் சொன்ன செய்தி, மத்தேயுவில் சாஸ்திரிகள் வருகை, மாற்குவின் கடைசிப் பகுதி. பிறகு எட்டு வேளை ஜெபம், ஏழு மனஸ்தாப சங்கீதங்கள், இறந்தோருக்கான ஜெபம். இறந்தோர் ஜெபத்தில் யோபு ஆகமத்தின் புலம்பல்கள் வரும். ஆக, வேதத்தை ‘வாசிக்காத’ ஒரு பெண்ணுக்கு யோபுவும் தாவீதும் அத்துப்படி. முதல் வேளை ஜெபம் 51ஆம் சங்கீதத்தின் வரியோடு தொடங்கும்: “ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்.” விடியலில் வாய் திறந்ததும் வரும் முதல் சொல்லே வேத வசனம். ஆங்கிலேயப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டப் பழகியதும் இந்த நூலில்தான்.

வியன்னாவில் இருக்கும் ஒரு பிரதியில், பர்கண்டி நாட்டு இளவரசி மேரிக்காக 1477 வாக்கில் செய்ததில், ஒரு படம் உண்டு. ஜன்னலோரம் ஒரு பெண். மடியில் சின்ன நாய். பச்சைத் துணியில் ஏந்திய புத்தகம். பக்கத்தில் பூ வைத்த கண்ணாடிக் குவளை. ஜன்னலுக்கு வெளியே தெரிவது தெருவல்ல, உயர்ந்த தூண்கள் உள்ள ஒரு கோயில். அதன் நடுவில் குழந்தையோடு மாதா அமர்ந்திருக்கிறார். ஒரு சீமாட்டி அவர் முன் முழந்தாளிட்டிருக்கிறார். வாசிக்கும்போது கண்ணில் என்ன ஓட வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்களோ, அதை ஓவியர் ஜன்னலில் வைத்துவிட்டார்.

அந்த ஏழு சங்கீதங்கள் எவை? என் பைபிளில் எண் பொருந்தவில்லையே?

நம் எண்ணிக்கையில் 6, 32, 38, 51, 102, 130, 143. லத்தீன் பைபிள் 9ஐயும் 10ஐயும் ஒரே சங்கீதமாக எண்ணியதால் அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒன்று குறைந்து வரும். ஆகவே பழைய நூல்களில் 6, 31, 37, 50, 101, 129, 142 என்று இருக்கும். பழைய கத்தோலிக்க ஜெபப் புத்தகம் கையில் இருந்து குழம்பியவர்கள் இனிக் குழம்ப வேண்டாம்.

லெக்சியோ திவினா என்று இப்போது தியான மையங்களில் சொல்கிறார்களே, அது அந்தக் காலத்து வழக்கம்தானா?

ஆம். வேதத்தை ஜெபத்தோடு நிதானமாக வாசிக்கும் அந்த முறை அதற்கும் முந்தியது, மடங்களில் தொடக்கம் முதலே இருந்தது. ஆனால் வாசிப்பு, தியானம், ஜெபம், தரிசனம் என்று நான்கு படியாக எழுதியவர் 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் கார்த்தூசியர் மடத்துத் தலைவராக இருந்த இரண்டாம் கீகோ. ஒரு நாள் கைவேலை செய்துகொண்டிருந்தபோது இந்த நான்கும் மனத்தில் தோன்றின என்று நண்பருக்கு எழுதுகிறார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது. தியானம் அதை மெல்லுகிறது. ஜெபம் சுவையை எடுக்கிறது. நான்காவது, அந்த இனிமையே.

அவரே ஒரு வசனத்தை எடுத்து மென்று காட்டுகிறார்: “இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் தேவனைத் தரிசிப்பார்கள்.” ஒரு திராட்சைப் பழம் போல இதை வாயில் போட்டுப் பார்ப்போம் என்கிறார். உடலில் சுத்தம் என்று சொல்லவில்லை, இருதயத்தில் என்று சொல்லியிருக்கிறது, கவனி என்கிறார். அங்கிருந்து, இருதயச் சுத்தத்துக்காக வேறு யார் கேட்டார்கள் என்று நினைவைத் துழாவுகிறார். “சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்” என்ற தாவீது வந்து நிற்கிறார். ஒரு வசனம் இன்னொன்றை இழுத்து வருகிறது. புத்தகத்தைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் நெஞ்சுக்குள் இருக்கிறது.

இதற்கு அவர்கள் வைத்த லத்தீன் பெயர் ‘ருமினாசியோ’: மாடு அசைபோடுவது. தமிழில் இதை விளக்கவே தேவையில்லை. “நீ சொன்னதை அசைபோட்டுக்கொண்டிருந்தேன்” என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். கூட்டங்களில் இதைச் சொன்னால் உடனே புரிந்துவிடுகிறது.

லத்தீனே தெரியாத பெண், லத்தீன் சங்கீதத்தை முணுமுணுத்தால் அது எப்படி அசைபோடுவதாகும்?

சரியான கேள்வி. எழுத்தைக் கூட்டி உரக்கச் சொல்லத் தெரிந்தவர்கள் பலர். பொருள் முழுவதும் தெரிந்தவர்கள் சிலர். சிலருக்கு வெறும் முணுமுணுப்பாகவே இருந்திருக்கும். ஆனால் முப்பது வருடம் ஒரே சங்கீதத்தைச் சொல்பவருக்கு, பிரசங்கத்தில் அதன் பொருளைப் பலமுறை கேட்டவருக்கு, அது வெறும் ஓசையாக நின்றுவிடாது. சமஸ்கிருத மந்திரமோ அரபு வசனமோ சொல்லும் நம் அண்டை வீட்டார் இதை நன்றாக அறிவார்கள்.

இதை ஒரு குறையாகவே கண்டவர்களும் அன்றே இருந்தார்கள். நெதர்லாந்தின் தேவென்டர் நகரத்துக் கேர்ட் க்ரோட்டே வேளை ஜெபத்தை டச்சு மொழியில் பெயர்த்தார். அவர் 1384இல் கொள்ளை நோயில் இறந்தார். அந்த மொழிபெயர்ப்பு நூறு ஆண்டுக்கு மேல் டச்சு வீடுகளில் புழங்கியது.

எழுதப் படிக்கவே தெரியாதவர்கள்? அவர்களுக்கு என்ன வழி?

முதல் வழி ஜெபமாலை. 150 சங்கீதங்களுக்கு ஈடாக 150 அருள்நிறை மந்திரம். அதனால்தான் அதற்கு ‘மாதாவின் சங்கீத மாலை’ என்று ஒரு பெயர் இருந்தது. இரண்டாம் வழி, வாசிக்கத் தெரிந்தவரைப் பிடித்துக்கொள்வது.

இரண்டாம் வழிக்கு மார்ஜரி கெம்ப்பைத்தான் நான் எப்போதும் சொல்வேன். இங்கிலாந்தின் லின் துறைமுகத்தில் 1373 வாக்கில் பிறந்தவர், பல பிள்ளைகளின் தாய், எழுத்தறியாதவர். ஒரு குரு ஏழெட்டு வருடம் அவருக்கு வாசித்துக் காட்டினார்: உரையோடு கூடிய பைபிள், பிறகு தியான நூல்கள் பல. 1417இல் யார்க் பேராயர் முன் அவரை நிறுத்தி, ஊர் ஊராகப் பேசித் திரியக் கூடாது என்றார்கள். அவர் விடவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் குரலெழுப்பி “உம்மைச் சுமந்த கர்ப்பம் பாக்கியமுள்ளது” என்றபோது ஆண்டவர் அவளை அடக்கவில்லையே என்று லூக்காவைக் காட்டினார். உடனே அங்கிருந்த குருக்கள், சுவிசேஷத்தைப் பேசுகிறாள், இவளுக்குள் பேய் இருக்கிறது என்றார்கள். ஒருவர் ஓடிப்போய்ப் பெரிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, பெண்கள் பிரசங்கிக்கக் கூடாது என்ற பவுலின் வரியை வாசித்தார். “நான் பிரசங்க மேடை ஏறுவதில்லை, ஐயா, பேசுவது மட்டும்தான்” என்றார் மார்ஜரி. புத்தகம் வைத்திருந்தவர் புரட்டித் தேட வேண்டியிருந்தது. புத்தகமே படிக்கத் தெரியாதவர் மனத்திலிருந்து எடுத்தார்.

அரண்மனையிலும் இதே முறைதான். இரண்டு அரசர்களைப் பெற்ற யார்க் சீமாட்டி சிசிலியின் வீட்டு ஒழுங்கைச் சொல்லும் குறிப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. மதிய உணவின்போது அவருக்கு ஒரு பக்தி நூல் வாசிக்கப்படும். இரவு உணவின்போது, மதியம் கேட்டதை அவர் உடனிருப்பவர்களுக்குத் திருப்பிச் சொல்லுவார். அவருக்கு வாசிக்கத் தெரியாமல் அல்ல. கேட்டதைத் திருப்பிச் சொன்னால்தான் அது தங்கும்.

இயேசுவின் வாழ்க்கையைக் கற்பனை செய்து தியானித்தார்களாம். வேதத்தில் இல்லாததைச் சேர்ப்பது தப்பில்லையா?

14ஆம் நூற்றாண்டில் ‘கிறிஸ்துவின் வாழ்க்கைத் தியானங்கள்’ என்றொரு லத்தீன் நூல் பரவியது. பிரான்சிஸ்கன் புனிதர் பொனவெந்தூர் எழுதியதாக நெடுங்காலம் நம்பினார்கள், அவர் எழுதியதல்ல. அதில் ஓர் இடம். வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் முடிந்து சாத்தானும் போய்விட்டான். தூதர்கள் வந்து, ஆண்டவரே, எங்கே போய் உணவு கொண்டுவரட்டும் என்று கேட்கிறார்கள். அம்மாவிடம் போங்கள், அவர் சமைப்பதுதான் எனக்குப் பிடிக்கும் என்கிறார் இயேசு. மரியாள் தனக்கும் யோசேப்புக்கும் ஆக்கி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தனுப்புகிறார். மத்தேயுவில் இருப்பது “தேவதூதர்கள் வந்து, அவருக்குப் பணிவிடை செய்தார்கள்” என்ற அரை வரி மட்டும். மற்றதெல்லாம் அந்த அரை வரியை அசைபோட்டதில் சுரந்தது.

எழுதியவர் ஏமாற்றவில்லை. இப்படி நடந்திருக்கலாம் என்று மனத்தில் கண்டு உருகுவதற்காகச் சொல்கிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் வாசகர்கள் அந்தக் கோட்டை எப்போதும் நினைவில் வைத்திருந்தார்களா என்பது வேறு. வைத்திருக்கவில்லை என்பதே என் எண்ணம். இதே வழியில் 1378இல் இறந்த கார்த்தூசியர் லுதோல்ப் எழுதிய பெரிய நூலைத்தான், 1521இல் கால் முறிந்து படுத்திருந்த லொயோலா இஞ்ஞாசியார், பின்னாளில் இயேசு சபையை நிறுவியவர், வாசித்தார். அவருடைய தியான முறையில் “அந்த இடத்தைக் கண்ணால் காண்” என்று வருவதன் வேர் இங்கே இருக்கிறது.

தாய்மொழியில் மொழிபெயர்த்தால் எரித்துவிடுவார்களாமே?

எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்க வேண்டும். 1199இல் மெட்ஸ் நகரத்தில் சிலர் பிரெஞ்சு வேத நூல்களோடு ரகசியமாகக் கூடினார்கள். மூன்றாம் இன்னொசென்ட் பாப்பரசர், வேதத்தை அறிய விரும்புவது நல்லதே, ரகசியக் கூட்டமும் குருக்களை இகழ்வதும்தான் தவறு என்று எழுதினார். 1229இல் தெற்கு பிரான்சின் துலூஸ் நகரில் கூடிய ஆயர் சங்கம் கடுமையாக நடந்துகொண்டது: சங்கீத நூலும் ஜெபப் புத்தகங்களும் தவிர வேறெதையும் பொதுநிலையினர் வைத்திருக்கக் கூடாது, அவற்றையும் தாய்மொழியில் வைத்திருக்கக் கூடாது. திருச்சபை பதிதர்கள் என்று ஒதுக்கிய கத்தார்கள் என்ற பிரிவினருக்கு எதிரான போர் அப்போதுதான் அங்கே முடிந்திருந்தது. இங்கிலாந்தில் பேராயர் அருண்டெல் 1407இல் வகுத்து 1409இல் வெளியிட்ட சட்டம், அனுமதியில்லாத புது ஆங்கில மொழிபெயர்ப்பைத் தடுத்தது. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி விக்ளிஃபைப் பின்பற்றியவர்கள் சிலர் எரிக்கப்பட்டதும் உண்மை. அதை மழுப்பக் கூடாது.

இன்னொரு பக்கம், ஸ்ட்ராஸ்புர்க்கில் மென்டெலின் 1466இலேயே ஜெர்மன் பைபிளை அச்சிட்டுவிட்டார். லூத்தரின் புதிய ஏற்பாடு 1522இல் வருமுன் ஜெர்மனில் 18 முழு பைபிள் பதிப்புகள் வந்திருந்தன. 1471இல் வெனிஸில் இத்தாலிய பைபிள், 1488இல் பிராகில் செக் பைபிள். 1485இல் மைன்ஸ் பேராயர் மொழிபெயர்ப்புகளுக்கு முன்தணிக்கை வேண்டும் என்றார். அச்சகங்கள் நிற்கவில்லை.

இங்கிலாந்தில் தடை இருந்தது என்றால், விக்ளிஃப் பைபிள் பிரதிகள் இத்தனை எப்படித் தப்பின?

விக்ளிஃப் வழியினர் ஆங்கிலத்தில் பெயர்த்த அந்த பைபிளுக்கு ஏறத்தாழ 250 கையெழுத்துப் பிரதிகள் இன்றும் உள்ளன. முழு பைபிள் அதில் சிறு பகுதியே. பெரும்பாலும் புதிய ஏற்பாடு. பல பிரதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது: எந்த ஞாயிறு, எந்தத் திருநாள், பூசையில் என்ன வாசகம், அது எந்த இடத்தில் இருக்கிறது. பூசையை எதிர்ப்பவருக்கு எதற்கு இந்தப் பட்டியல்? லத்தீனில் கேட்கப்போவதை ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டு கோயிலுக்குப் போனவர்கள் இவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அரசர் ஆறாம் ஹென்றியிடமே ஒரு பிரதி இருந்தது. அதை லண்டன் கார்த்தூசியர் மடத்துக்குக் கொடுத்தார். அதே புத்தகம் ஏழைத் தையல்காரரின் பெட்டியில் இருந்தால் விசாரணை, அரசரின் அலமாரியில் இருந்தால் பக்தி. இந்த அநியாயத்துக்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

பொதுநிலையினருக்காக நிக்கலஸ் லவ் என்ற கார்த்தூசியர், மேலே சொன்ன ‘தியானங்கள்’ நூலை ஆங்கிலமாக்கினார். 1410 வாக்கில் அருண்டெலே அதற்கு ஒப்புதல் கொடுத்தார். சுவிசேஷம் ஆங்கிலத்தில் கூடாது, சுவிசேஷத்தைப் பற்றிய கதை கூடும்! இது எனக்கு இன்றும் விந்தையாகத்தான் இருக்கிறது.

‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’ எழுதிய தோமாஸ் கெம்பிஸ் இந்தக் காலத்தவரா? அவர் எப்படி வாசித்தார்?

கையால் வாசித்தார் என்று சொல்லலாம். க்ரோட்டேவின் சீடர் வழியில் வந்தவர். ஸ்வொல்லே அருகே ஒரு மடத்தில் 1471இல் இறக்கும்வரை இருந்தார். முழு பைபிளையும் ஐந்து தொகுதிகளாகத் தன் கையால் படி எடுத்தார். 1427இல் தொடங்கி 1439இல் முடித்தார். அந்தப் பிரதி இன்று ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் ஒரு புத்தகத்தை எழுத்தெழுத்தாக எழுதியவர், பிறகு எதை எழுதினாலும் அதில் வேதம் கசியாமல் இருக்குமா?

க்ரோட்டேவின் வழியில் வந்த அந்தக் குழுவினர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார்கள். பெயர் ‘ராபியாரியம்’, ‘பறித்துக்கொள்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வாசிப்பில் மனத்தைத் தொட்டதைப் பறித்து அதில் எழுதி, கைவேலையின் நடுவே அசைபோடுவார்கள். அவர்களில் ஒருவரான சுட்ஃபன் ஊர்க் கெரார்ட், 1398இல் இளம் வயதிலேயே இறந்தவர், பொதுநிலையினர் தாய்மொழியில் வேதம் வாசிக்கலாம் என்று வாதாடி எழுதினார். பழைய ட்ராய் நகரத்து யுத்தக் கதை வாசிக்கலாமாம், வேதம் வாசிக்கக் கூடாதாம், இது என்ன நியாயம் என்று கேட்டார். ஆனால் கடினமான ஆகமங்களை விட்டுவிட்டுத் தெளிவானவற்றை வாசியுங்கள் என்று எல்லையும் போட்டார்.

லூத்தர் வந்து இதையெல்லாம் ஒழித்துவிட்டார் அல்லவா?

பலவற்றை ஒழித்தார், இதை அல்ல. அவர் துறவியாக இருந்து சங்கீதங்களை நெஞ்சில் ஏற்றியவர். 1539இல் தம் நூல் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் வேதம் படிக்க மூன்று விதி சொல்கிறார்: ஜெபம், தியானம், சோதனை. தியானம் என்றால் உள்ளத்தில் மட்டும் அல்ல, வாயாலும் சொல்லிச் சொல்லி, எழுத்தைத் தேய்த்துத் தேய்த்து வாசிப்பது என்கிறார். கீகோவின் நான்காம் படியான தரிசனம் போய், அங்கே சோதனை வந்து உட்கார்ந்திருக்கிறது. மற்றது பழைய மடத்துச் சரக்கு.

கடைசியாக ஒன்று. அந்தப் புத்தகங்களை அழகுக்கு வாங்கி அலமாரியில் வைத்திருக்கலாமே? வாசித்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

சிலர் அழகுக்குத்தான் வாங்கினார்கள். பொன் பூசிய நூலைக் காட்டிப் பெருமைப்படுவதைக் கேலி செய்தவர்கள் அன்றே உண்டு. வாசித்ததற்கு ஆதாரம் அழுக்கு. தோலில் விரலின் எண்ணெய்ப் பசை படிந்தால் போகாது. வாசிக்க வாசிக்கக் கருக்கும். காத்ரின் ரூடி என்ற கலை வரலாற்று அறிஞர், கருமையை அளக்கும் கருவியை வைத்து வேளை நூல்களின் ஓரங்களைப் பக்கம் பக்கமாக அளந்து 2010இல் வெளியிட்டார். ஒரே நூலுக்குள் சில பக்கம் கருத்திருக்கிறது, சில பக்கம் நேற்று எழுதியது போல வெளுத்திருக்கிறது. வைத்திருந்தவருக்குப் பிடித்த ஜெபம் எது, தொடாமல் தாண்டிய ஜெபம் எது என்று தெரிந்துவிடுகிறது. முத்தமிட்டு முத்தமிட்டு முகம் அழிந்த படங்களும் உண்டு.

பெரிய நூலகங்கள் இந்த நூல்களில் பலவற்றைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பார்க்கும்போது பொன் ஓவியத்தைப் பெரிதாக்குவதற்கு முன் பக்கத்தின் கீழ் ஓர மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டைவிரல் பிடித்த இடம் அது.